சீதன வீட்டில் இரண்டு பரப்பு

"இஞ்சை ஓடு விக்கிறேல்லை! போங்கோ!"

வேலிப் படலைக்கு உள்ளே றீற்றா, கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு. வெளியே, வெள்ளைத் தொப்பியும் அரைக் காற்சட்டையுமாக, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். அவர் காலடியில் சில்லு வைத்த பெரிய பெட்டி. மடத்துவெளி மணலில் சில்லு உருளாது. பெட்டியை இழுத்து வந்த தடம் ஒழுங்கை நீளத்துக்கும் ஆழமாகக் கிடந்தது.

நான் சைக்கிளால் இறங்கினேன். என்னைக் கண்டதும் றீற்றாவுக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது.

"மிஸ், நீங்களே சொல்லுங்கோ இந்த ஆளுக்கு. போன கிழமையும் ஒருத்தர் வந்து முகட்டை அண்ணாந்து அண்ணாந்து பாத்திட்டுப் போனவர். இண்டைக்கு இவர். ஓட்டைக் கழட்டுறதெண்டால் முதல் என்னைக் கழட்டட்டும்."

வந்தவர் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்தார். களைத்துப் போயிருந்தார்.

"நான் ஓட்டு வியாபாரி இல்லைப் பிள்ளை," என்றார். "இது என்ரை வீடு."

தும்புத்தடி மெல்லக் கீழே இறங்கியது.

அந்த இடத்தில் நின்ற மூவரில் அதிகம் பயந்தது நான்தான். ஏனென்றால் றீற்றாவை அந்த வீட்டில் குடிவைத்தது நான்.

பூட்டுகளின் ஊர்

சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் நான் புங்குடுதீவில் கிராம அலுவலராக இருந்தேன். சனத்துக்கு நான் ஜீ.எஸ். சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் மிஸ். காலையில் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, இரண்டு பக்கமும் கடல் தெரியும் தாம்போதிகளைக் கடந்து, முகமெல்லாம் உப்புக் காற்றோடு வந்து இறங்குவேன்.

முதல் மாதம் முழுவதும் நான் பார்த்தது பூட்டுகளைத்தான். தெற்கில் கடை வைத்து உழைத்தவர்கள் கட்டிய வீடுகள். பர்மாத் தேக்குக் கதவு, பூப்போட்ட சீமெந்துத் தரை, விறாந்தை முழுக்கத் தூண்கள். ஆட்களோ கனடாவில், சுவிசில், பாரிசில். பூட்டுகள் துருப்பிடித்து, திறப்பை நுழைத்தாலும் திரும்பாத நிலையில் தொங்கின.

அதே ஊரில் இன்னொரு பக்கம் கிடுகுக் கொட்டில்கள். வன்னியிலிருந்து திரும்பியவர்கள், இந்தியாவிலிருந்து வள்ளத்தில் வந்தவர்கள், போக இடமில்லாமல் பள்ளிக்கூட மண்டபத்தில் சாக்கு விரித்தவர்கள். வீடில்லாத சனமும் சனமில்லாத வீடும் ஒரே ஒழுங்கையில் எதிரும் புதிருமாக இருந்தன.

அரசாங்கத்தின் வீட்டுத் திட்டம் இருக்கத்தான் இருந்தது. கல்லும் சீமெந்தும் வாங்கக் கட்டம் கட்டமாக உதவி தருவார்கள். ஆனால் படிவத்தின் முதற்கேள்வியே, "சொந்தக் காணி உண்டா? உறுதி இலக்கம்?" என்பதுதான். காணி இல்லாதவர் இரண்டாவது கேள்விக்கே போக முடியாது.

றீற்றாவும் அவளுடைய புருசன் சவிரிமுத்துவும் முதற்கேள்வியிலேயே நின்றுபோனவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் இருந்த கரை கடற்படை முகாமின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகளோடு கடற்கரைக் கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். நான் முதன்முதல் அங்கே போன நாள் மழை. றீற்றா ஒழுகும் இடங்களில் எல்லாம் சட்டி பானை வைத்துவிட்டு, சோறு காய்ச்சப் பானை இல்லாமல் நின்றாள். "எந்தப் பானையை எடுக்கலாம் எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ மிஸ்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

ஒரு குசினி, நாலு குடும்பம்

அவளுடைய கொட்டிலைப் பார்த்த அன்று எனக்கு எங்களுடைய தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குசினி நினைவுக்கு வந்தது.

இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. நாலு குடும்பங்கள் ஒரு வீட்டில் ஒதுங்கினோம். குசினிக்கு முறை வைத்திருந்தோம். விடியப்புறம் ஐந்தரைக்கு ஒரு குடும்பம், ஏழு மணிக்கு இன்னொன்று. எங்களுடைய முறை கடைசி. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மணிக்கூட்டோடு குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். நேரம் முடிந்தால், பருப்பு அவிந்ததோ இல்லையோ, "அடுத்த ஆள்!" என்பார். பாதி அவிந்த பருப்பை நாங்கள் அனேகமாக எல்லாக் கறியோடும் சாப்பிட்டிருக்கிறோம்.

அந்த மனிதரோடு எனக்கு இன்றுவரை கோபமில்லை. ஆனால் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் குசினியைக் கண்டால் பொறுக்காது.

ஆகவே கடிதம் எழுதத் தொடங்கினேன். உறவினர்களிடம் விலாசம் வாங்கி, வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு: 'உங்கள் வீடு கறையான் தின்கிறது. நல்ல குடும்பம் ஒன்று இருந்து பார்த்துக்கொள்ளும். வாடகை இல்லை. நீங்கள் கேட்கும் நாளில் விட்டுவிடுவார்கள். அதற்கு நான் பொறுப்பு.' இது என் வேலையில் சேர்ந்ததல்ல. முத்திரைக் காசும் என்னுடையதுதான்.

பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர், நான் யார் எந்தக் கட்சி என்று விசாரித்து எழுதியிருந்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா, "தாராளமாக இருக்கட்டும், ஆனால் என் அலுமாரியைத் திறக்க வேண்டாம்" என்றார். போய்ப் பார்த்தால் அலுமாரியையே யாரோ எப்போதோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

கனடாவிலிருந்து பஞ்சாட்சரம் என்பவர் அழகான கையெழுத்தில் சம்மதித்திருந்தார். ஒரேயொரு நிபந்தனை, இரண்டு கோடு கீறி: 'என் மனைவி சுத்த சைவம். எனவே குசினிக்குள் மீன், இறைச்சி சமைக்கக் கூடாது.'

றீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கடல்காரரை மரக்கறி தின்னச் சொல்லுறாரோ?"

"சமைக்கக் கூடாது எண்டுதான் எழுதியிருக்கு. குசினிக்குள்ளை."

றீற்றா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பூவரசுக்குக் கீழை காய்ச்சலாம்."

அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் போயின. சவிரிமுத்து கூரை ஏறி ஓடு மாற்றினார். முள் நிறைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார். புங்குடுதீவில் உவர் இல்லாத கிணறு பெரிய சொத்து. அக்கம்பக்கம் குடம் தூக்கி வரத் தொடங்கியது.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. பஞ்சாட்சரத்தின் மனைவிக்கு மச்சான் முறையான ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார். ஒருநாள் என்னை மறித்தார்.

"ஆக்களைப் பாத்தெல்லோ வைக்கவேணும், பிள்ளை."

"எந்த ஆக்களை?"

"உமக்குத் தெரியும்தானே."

"தெரியாது. சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை. மீன் பிடிக்கிற சாதி, பெரிய வீட்டுக்குள்ளே என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல் என்று இருவருக்குமே தெரியும். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

திங்கட்கிழமை லொறி

இப்போது படலைக்கு வருவோம். தொப்பிக்காரர்தான் அந்தப் பஞ்சாட்சரம்.

றீற்றா நாக்கைக் கடித்துக்கொண்டு பெட்டியை உள்ளே தூக்கிப் போனாள். அவருடைய அறையை ஒதுக்கிக் கொடுத்தாள். மத்தியானம் வந்த சிக்கல் வேறு. அவருக்காக அவள் குசினியில் மரக்கறி சமைத்திருந்தாள். வெளியே பூவரசடியில் பிள்ளைகளுக்குச் சுறா வறை. காற்று உள்ளே அடித்தது. ஐயா பிலாக்காய்க் கறியைத் தொட்டுவிட்டுக் கதிரையோடு எழும்பி, ஜன்னலடிக்குப் போனார்.

"அதென்ன பிள்ளை?"

"சுறா, ஐயா. வெளியிலைதான். உள்ளை கொண்டரேல்லை."

"நான் வெளியிலை வரலாம்தானே?" என்று கேட்டாராம்.

பிறகு தினமும் பூவரசடியில்தான் சாப்பாடு. பெரிய பிள்ளை அவருக்குத் தூண்டில் கட்டக் காட்டிக்கொடுத்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நான்காம் நாள், ஒரு வியாழக்கிழமை, அவர் என் கந்தோருக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"தங்கச்சி, ஒரு சிக்கல்."

"சொல்லுங்கோ."

"நான் வந்தது வீட்டை விக்க. வீடா ஒருத்தரும் வாங்கினமில்லை. ஓடு, தீராந்தி, கதவு, நிலை எண்டு கழட்டி எடுக்க ஆள் இருக்கு. திங்கக்கிழமை லொறி வருது."

கேட்கும் நாளில் விட்டுவிடுவார்கள் என்று கையெழுத்துப் போட்டவளே நான்.

"வீட்டைப் பாத்த பிறகுமோ ஐயா? இப்பிடி இருக்கிற வீட்டையோ?"

"பாத்த பிறகுதான் சிக்கலே." குரலைத் தாழ்த்தினார். "என்ரை மனுசி கமலத்துக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"ஆக்கள் இருக்கினம் எண்டு."

"நீங்கள்தானே கடிதம் போட்டனீங்கள்?"

"நான்தான் போட்டனான். அவவைக் கேக்காமல். வீடு அவவின்ரை சீதனம், தங்கச்சி."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் வழக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்குச் சொந்தம். இந்த மனிதருக்கு அங்கே ஒரு பூனையைக் குடிவைக்கவும் உரிமையில்லை. இரக்கப்பட்டுச் சம்மதம் எழுதிவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு ஆண்டு மறைத்திருக்கிறார்.

"ஒவ்வொரு நாளும் சொல்ல வெளிக்கிடுவன். பிறகு ரீவியைப் போட்டிடுவன்."

இதற்கிடையில் கமலத்தின் மச்சான் அங்கே எழுதியிருக்கிறார்: கூரை விழுந்துவிட்டது, கிணறு தூர்ந்துவிட்டது, கள்ளர் கழற்றமுன் நாங்கள் கழற்றி விற்பது நல்லது என்று. கமலம் நம்பி, தன் சார்பில் விற்கவும் கொடுக்கவும் அதிகாரம் தரும் அற்றோணிப் பத்திரத்தைக் கணவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"அதுதான் உம்மட்டை வந்தனான்."

"நான் ஒண்டும் செய்ய ஏலாது ஐயா. நீங்கள் ரெலிபோன் எடுக்கவேணும்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ரெலிபோன் கடை

வெள்ளிக்கிழமை காலை சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு மூன்று பேர் போனோம். றீற்றாவையும் நான்தான் கூட்டிப் போனேன். அவளுக்கு விசயத்தை வழியில் சொன்னேன். அவள் சிரிக்காமல் நடந்ததை நான் கண்டது அன்றுதான்.

கமலம் அக்காவின் குரல் றிசீவரை விட்டு வெளியே வந்து கடை முழுக்கக் கேட்டது.

"என்ன, லொறிக்காரன் வந்தவனோ?"

"இஞ்சேரும் கமலம்... வீடு விழேல்லை."

"என்னது?"

"நல்லா இருக்கு. ஆக்கள் இருக்கினம்."

"ஆர் விட்டது?"

கடைக்காரர் மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"நான்தான்," என்றார் பஞ்சாட்சரம்.

அடுத்த மூன்று நிமிடம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு றிசீவரை றீற்றாவிடம் நீட்டினார். "உம்மோடை கதைக்கவேணுமாம்."

றீற்றா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"வடக்குப் பக்க அறை ஒழுகுமே?" எடுத்த எடுப்பிலேயே கேள்வி.

"ஒழுகினது அக்கா. இவர் ஏறி ஓடு மாத்தினவர். இப்ப ஒழுகிறேல்லை."

"கிணறு?"

"இறைச்சாச்சு. அரைவாசி ஊர் உங்கடை கிணத்திலைதான் அள்ளுது."

"சாமியறை?"

"பூட்டினபடி. திறப்பு மிஸ்ஸிட்டை. வெள்ளிக்கிழமையிலை வாசலைக் கூட்டி விளக்கு வைக்கிறனான்."

"நீர் வேதக்காரப் பிள்ளை எல்லே?"

"ஓம் அக்கா. விளக்குத்தானே."

குரல் கொஞ்சம் இறங்கியது. "சமையல் எங்கை?"

"மரக்கறி குசினியிலை. மீன் வெளியிலை, பூவரசுக்குக் கீழை."

"மழைக்கோ?"

"மழைக்கு ஒராள் குடையைப் பிடிக்கும், ஒராள் காய்ச்சும்."

"விசரே பிள்ளை? குசினி என்னத்துக்குக் கிடக்குது? ஆர் சொன்னது வெளியிலை காய்ச்சச் சொல்லி?"

றீற்றா பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"நீங்கள் சுத்த சைவம் எண்டு ஐயா எழுதினவர்."

"நானோ? அவர் வெளிக்கிட்ட கிழமை ரெண்டு கிலோ நண்டு உடைச்சது ஆரெண்டு கேளும் அவரை! அவர்தான் வீட்டிலை மீன் மணம் கூடாதெண்டு என்ரை தலையிலை போட்டிருக்கிறார்!"

கடைக்காரர் சிரித்ததில் பல்லுக்குத்தி கீழே விழுந்தது. றீற்றாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, இருக்க விட்டதுக்குப் பெரிய உபகாரம். நீங்கள் வேண்டாமெண்டால் ஞாயிற்றுக்கிழமையே போறம். ஆனா இருக்கச் சொன்னாலும் ஒண்டு கேக்கவேணும். எத்தினை நாளைக்கு? நாள் தெரியாமல் இருக்கேக்கை ஒரு முருங்கைத் தடி ஊண்டவும் மனம் வருகுதில்லை. நான் காய் ஆயிறதோ, வேறை ஆரும் ஆயிறதோ எண்டு தெரியாதெல்லோ."

கமலம் அக்கா அடுத்துக் கேட்டது என்னை.

"ஜீ.எஸ் பிள்ளையிட்டைக் குடும்."

நான் வாங்கினேன்.

"ஏன் உவைக்கு வீட்டுத் திட்டம் குடுக்கேல்லை?"

"காணி உறுதி கேக்கினம் அக்கா. உறுதி இருந்தால் அடுத்த கூட்டத்திலையே பேரைச் சேர்க்கலாம்."

"எவ்வளவு காணி வேணும்?"

"ரெண்டு பரப்புக் காணும்."

பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். நான் காணி கேட்கவில்லை. விதியைச் சொன்னேன், அவ்வளவுதான். இன்றுவரை அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

"எங்கடை வளவு பதினெட்டுப் பரப்பு," என்றார் கமலம் அக்கா. "கிழக்கு மூலையிலை ரெண்டை எழுதச் சொல்லும் அவரை. அந்தப் பிள்ளையின்ரை பேரிலை. புருசன்ரை பேரிலை வேண்டாம். பக்கத்திலை ஆள் இருந்தால்தான் என்ரை வீடு வீடாக் கிடக்கும். அதுகளும் ஒதுங்க ஒரு இடமாச்சு. லொறியை நிப்பாட்டச் சொல்லும். மச்சானோடை நான் பிறகு கதைக்கிறன்."

"சரி அக்கா" என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கையிலிருந்து கைக்கு

செய்தி தெரிந்து மச்சான் பாய்ந்து வந்தார். பரம்பரைக் காணி, ஆருக்குக் கொடுக்கிறீர், ஊர் என்ன கதைக்கும் என்று விறாந்தையில் நின்று குதித்தார். பஞ்சாட்சரம் பூவரசடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் முள்ளை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"வீடு கமலத்தின்ரை. காணி கமலத்தின்ரை. நீர் கமலத்தோடை கதையும். நம்பர் தாறன்."

மச்சான் நம்பர் வாங்காமலே போனார்.

நொத்தாரிசு வீட்டில் உறுதி எழுதிய அன்று பஞ்சாட்சரம் மனைவிக்காகக் கையெழுத்திட்டார். றீற்றா தனக்காக இட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் இழைத்து இழைத்துப் போட்டாள். சவிரிமுத்துவுக்குத்தான் போட ஒன்றுமில்லை. "நான் என்ன செய்ய?" என்று கேட்டார். "நீங்கள் அத்திவாரம் கிண்டுங்கோ," என்றாள் றீற்றா.

திட்டத்து உதவி சுவர் மட்டத்தோடு களைத்துப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தாம்போதி கடந்து லொறியில் வருகிற ஒவ்வொரு சீமெந்துப் பையும் தீவுக்கு வரும்போது விலை ஏறிவிடும். கூரைக்கு வழியில்லாமல் அரைச் சுவரோடு நின்ற வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். கமலம் அக்கா மறுபடி ரெலிபோனில் வந்தார். பின்வளவில் விழுந்து கிடந்த மாட்டுக் கொட்டிலின் ஓடுகளையும் தீராந்தி மரங்களையும் எடுக்கச் சொன்னார். இடிந்த மதிற் கல்லையும் தந்தார்.

சுவர் எழும்பி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, சவிரிமுத்துவின் கூட்டாளிகள் கடலுக்குப் போகாமல் வந்தார்கள். மாட்டுக் கொட்டிலடியிலிருந்து புது வீடு வரைக்கும் வரிசையாக நின்று ஓடுகளைக் கையிலிருந்து கைக்கு எறிந்தார்கள். வலை இழுக்கிறவர்களின் கை, ஒரு ஓடும் தவறவில்லை. நடுவில், தொப்பியோடு, பயணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்ட பஞ்சாட்சரம். அவர் கையில் மூன்று ஓடு உடைந்தது. அவரை வரிசையிலிருந்து நீக்கித் தேத்தண்ணி கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள்.

கதை கனடாவில் பரவியது. அங்கே கமலம் அக்கா எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இதைச் சொன்னாராம். பிறகு எனக்குக் கடிதங்கள் தாமாகவே வரத் தொடங்கின: 'எங்களுடைய வளவிலும் ஒரு மூலை சும்மா கிடக்கிறது.' அடுத்த ஆண்டுக்குள் நாலு குடும்பங்கள் அப்படி முதற்கேள்வியைத் தாண்டின.

பின்னர் மறுபடி கெட்ட காலம் வந்தது. றீற்றாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. ஆனால் திரும்பி வரும்போது எங்கே போவது என்று யாரையும் கேட்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

புது வீடு புகுந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். பங்குச் சுவாமியார் வந்து தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். நாங்கள் எல்லோரும் முற்றத்தில் நின்றோம். சவிரிமுத்து, பிள்ளைகள், பஞ்சாட்சரம், கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வருகிற சனம். ஏதோ எடுக்கப்போகிறவள் போல றீற்றா தனியே உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து கொளுக்கி போட்ட சத்தம் கேட்டது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. சவிரிமுத்து என்னைப் பார்த்தார். நான் பஞ்சாட்சரத்தைப் பார்த்தேன். உள்ளே ஒரு அசுமாத்தமும் இல்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். கடைசியில் சவிரிமுத்துவே படி ஏறி, தன்னுடைய வீட்டுக் கதவைக் கூச்சத்தோடு இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளேயிருந்து, வீட்டுக்காரியின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது:

"ஆரது? பேரைச் சொன்னால்தான் திறப்பன்."

நாங்கள் ஒவ்வொருவராகப் படியேறி எங்கள் பெயரைச் சொன்னோம்.